பதினொன்று முதல் மூன்று வரை

குழந்தைகள் தவழுகிற தரையைப் பினைல் போட்டுத் துடைக்கக் கூடாது. தேசிக்காய்த் தோலை அவித்த தண்ணீரே போதும். எறும்பும் வராது, பிள்ளை கையை வாயில் வைத்தாலும் பயமில்லை. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பதினெட்டு வருடம் பிள்ளை பார்த்தவள் சொல்கிறேன். அன்று காலையிலும் அப்படித்தான் துடைத்தேன்.

இந்த வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்ல, நீங்கள் சிங்களத்தில் எழுத, அதை இன்னொருவர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்ட, சொன்னது ஒன்றும் எழுதியது ஒன்றுமாகப் போய்விடும். எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

என் கணவர் ஹியூபேட் துறைமுகத்தில் வேலை செய்தவர். அவர் காலமான பிறகுதான் முன்னறையில் பாய் விரித்துப் பிள்ளை பார்க்கத் தொடங்கினேன். தாய்மார் காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், பின்னேரம் வந்து கூட்டிப்போவார்கள். எங்கள் ஒழுங்கை ஒடுங்கிய சந்து, இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இரவு வேலை முடித்த துறைமுகத்து ஆட்கள் பகலில் அந்தப் பக்கம் படுத்திருப்பார்கள். ஒரு பிள்ளை வீரிட்டால் மூன்று வீட்டுக் கதவு திறக்கும். ஆனால் என்னைக் காட்டி, புளோறன்ஸ் வீட்டில் பிள்ளைகள் இருப்பதே தெரியாது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்வார்கள். பதினொரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழும்புவார்கள். வீட்டில் அரை மணித்தியாலம்கூடத் தூங்காத பிள்ளை உங்களிடம் மட்டும் எப்படித் தூங்குகிறது என்று தாய்மார் கேட்பார்கள். மாதாவின் கிருபை என்பேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. என்னிடம் அழாத பிள்ளையும் நேரத்துக்குப் பால் குடிக்கும்.

போன மே மாதம் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளை பார்க்கும் வீடுகளை எல்லாம் இனிப் பதிய வேண்டுமாம். அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் தந்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் மூட வேண்டும். அடுத்த தெருவில் றஞ்சிதம் நடத்திய வீட்டை அப்படித்தான் மூடினார்கள். பின்வாசல் இல்லாததுதான் காரணம் என்று அவள் சொல்லித் திரிந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதிகாரி நின்ற நேரம் முழுக்க அங்கே பிள்ளைகள் கத்தினார்கள் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். காரணம் சத்தம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

கடிதத்தோடு வந்த பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் செய்தேன். மணல் வாளி வைத்தேன். கேற்றின் கொண்டியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூட்டுவித்தேன். எட்டுப் பாயிலும் எட்டுப் பெயர் தைத்தேன். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று மூன்று மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மருந்து அலுமாரிக்குப் பூட்டுப் போட வேண்டும், ஒவ்வொரு போத்தலிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பூட்டு வாங்கினேன்.

அலுமாரியில் பெயர் இல்லாத போத்தல் ஒன்று இருந்தது. சளிக்கு டொக்டர்மார் எழுதிக் கொடுக்கும் சாதாரணச் சிவப்புப் பாணி மருந்துதான். குடித்தால் கண் சொருகும். பதினொரு மணிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கரண்டி, பாலோடு. பதினெட்டு வருடமாக ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் வந்ததில்லை. எட்டுப் பேருக்கும் பொதுவான போத்தலில் யாருடைய பெயரை எழுதுவது? எடுத்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன்.

பட்டியலில் கடைசியாக இருந்தது மருந்துப் புத்தகம். பிள்ளைக்கு வீட்டில் மருந்து கொடுத்திருந்தால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று தாய் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நல்ல தடித்த அட்டைக் கொப்பியாக வாங்கி, பழுப்புக் கடதாசியில் உறை போட்டு, வாசலில் வைத்தேன்.

அதில் முதலாவதாக எழுதியவள் ஷபீகா. புறக்கோட்டையில் புடைவைக் கடையில் வேலை. அவளுடைய மகள் மின்ஹாவுக்கு ஒன்றரை வயது. பரிசோதனை நாளன்று காலை ஏழே முக்காலுக்கு மூக்கொழுகிய பிள்ளையோடு வந்து நின்றாள். லீவு கேட்டால் வேலையை விட்டு நிற்பாட்டிவிடுவார்கள் என்றாள். பிறகு இப்படிச் சொன்னாள், சொல் மாறாமல் எழுதுகிறேன்:

"அன்ரி, காலைல சளி மருந்து குடுத்துட்டேன். அந்தச் செவப்புப் பாணிதான். பின்னேரம் நான் வார வரைக்கும் ஒண்டும் குடுக்க வாணாம்."

"சரி மகள், நீங்க போங்க."

அவள் குனிந்து புத்தகத்திலும் அதையே எழுதினாள். பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் எழுத்தெல்லாம் கோணல். அவள் போனதும் பார்த்தேன். சளி உள்ள பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்று சுவரில் இருக்கிறது. சளி உள்ள பிள்ளையைச் சேர்த்தேன் என்று புத்தகத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே அதிகாரி பார்க்க விட முடியாது. தாளைத் தையல் பிசகாமல் கிழித்து, மடித்து, என் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

அதிகாரி பத்தரைக்கு வருவதாக இருந்தது. அதனால் அன்று மட்டும் பாலை நேரத்தோடு கொடுத்தேன். ஏழு பேர் படுத்துவிட்டார்கள். மின்ஹாவுக்குக் கொடுக்காமல்தான் விட்டேன். ஆனால் அவள் மூக்கடைப்பில் அழுதுகொண்டே இருந்தாள். தோளில் போட்டு நடந்தேன், தட்டிக் கொடுத்தேன், நிற்கவில்லை. பத்து மணிக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். பத்தே காலுக்கு இன்னொரு கரண்டி. பிறகு அமைதியானாள்.

வந்த அதிகாரி ஒரு நோனா, சிங்களப் பெண், நல்ல மனுஷி. கொண்டியை இழுத்துப் பார்த்தார், பூட்டைத் திறந்து பார்த்தார், புத்தகத்தைப் புரட்டிப் புதிதாக இருக்கிறது என்று சிரித்தார். பின்வாசலைப் பற்றிக் கேட்டார், காட்டினேன். பாய் வரிசையைக் கடக்கும்போது மின்ஹாவின் பக்கத்தில் குனிந்து, "லஸ்ஸனட்ட நிதி" என்றார். அழகாகத் தூங்குகிறாளாம். அப்போது அந்தப் பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்டது. இழுத்து, நின்று, கன நேரம் கழித்து மறுபடி இழுத்தது. நான் போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

நோனாவின் வாகனம் ஒழுங்கை முடிவில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிடம் என்று நீங்கள் சொன்னீர்கள். பதினைந்துகூட வராது, பத்துதான். அவர் போனபோது பதினொன்று அடித்தது. நான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உதட்டு நிறம் சரியில்லை. தூக்கிக்கொண்டு ஓடினால் ஒழுங்கை கூடிவிடும், நோனாவின் காதுக்கும் போய்விடும். மூன்று மணிக்கு எப்படியும் எழும்புவார்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு மணிக்குப் பிறகு மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

பிள்ளையின் உடம்பில் மருந்து அளவுக்கு மேல் இருந்தது என்று சட்ட வைத்தியர் எழுதினார். காலையில் கொடுத்தேன் என்று ஷபீகாவே எல்லாரிடமும் சொன்னாள். பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார்கள். அவளுடைய கணவர் ராசிக் அவளோடு கதைப்பதையே விட்டுவிட்டார். நாற்பதாம் நாள் கழித்து என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பிள்ளையின் பாய் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, நான் அந்தப் புத்தகத்தில எழுதினேன் தானே? எழுதின மாதிரித்தான் ஈக்கிது. இப்ப எனக்கே வெளங்குதில்ல."

"எழுதயில்ல மகள்," என்றேன். "நீங்க சொல்லவும் இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டு போனாள். பாவமாக இருந்தது. அன்று அவளுக்காக ஒரு செபமாலை சொன்னேன்.

நேற்று நீங்கள் வீட்டைச் சோதிக்க வந்து ஜெபப்புத்தகத்தைப் பிரித்தபோது அந்தத் தாள் விழுந்தது. ஏன் எரிக்கவில்லை என்று கேட்டீர்கள். நான் பொய்க்காரி என்றால் எரித்திருப்பேன். தெரிந்துதான் கொடுத்தாயா என்றும் கேட்டீர்கள். தெரிந்துதான் கொடுத்தேன். தாய் சொன்னது காதில் விழுந்தது, எழுதியதை வாசித்தேன், கொடுத்தேன். மூச்சுத் தவறுவதும் தெரிந்தது, பார்த்துக்கொண்டு இருந்தேன். ஷபீகா மேல் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் நான் ஒரு பிள்ளைக்கும் கை ஓங்கியவள் அல்ல. மற்ற ஏழு பேரும் அன்று சரியாக மூன்று மணிக்கு எழும்பினார்கள். அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதி வைக்கிறேன்.