கோழிக்கூட்டுக்குப் பலகைக்கல்

பொன்னுத்தாய்: ...அதெல்லாம் வேணாங்க. கோழிக்கூட்டுக்குப் போயி எவனாச்சும் கல்லு பாவுவானா? ஊரு சிரிக்கும்.

மலையாண்டி: சிரிக்கட்டும். கட்டுன பொண்டாட்டி சிரிக்காம இருந்தா சரி. இங்கிட்டு வா, தொட்டுப் பாரு. திருமயத்துலேருந்து வண்டி கட்டி ஏத்தியாந்துருக்கேன்.

பொன்னுத்தாய்: சாணி மெழுகுன தரைக்கு என்ன கொறச்சல்? எங்க ஆத்தா வளக்காத கோழியா?

மலையாண்டி: அது நாட்டுக்கோழி. இது கிராம சேவக் ஆபீசரு குடுத்த வெள்ளைக்கோழி. எச்சம் மூலையில அப்பிக் கெடந்தா சீக்கு வந்துரும்னாருல்ல? தை மாசம் ரெண்டு செத்துச்சே...

பொன்னுத்தாய்: அதான் தெனம் கூட்டுறேன்ல?

மலையாண்டி: கூட்டுற... கூட்டுற...

பொன்னுத்தாய்: என்ன இழுவை?

மலையாண்டி: ஒண்ணுமில்ல. சரிவாப் பாவிட்டா ஒரு கொடம் தண்ணி போதும். எல்லாம் வாழைக்குப் போயிரும். நீ குனிஞ்சு தேட வேணாம்.

பொன்னுத்தாய்: தேடுறதா? நான் எதுக்குத் தேடுறேன்?

மலையாண்டி: சும்மா... வாயில வந்துருச்சு.

பொன்னுத்தாய்: கல்லு வழுக்கும்ங்க. கோழி காலு ஒடிஞ்சிரும்.

மலையாண்டி: உளியால லேசாக் கொத்தச் சொல்லிருக்கேன், வழுக்காது. அழுக்கு போயிருச்சான்னு தடவுனா கையே சொல்லிரும்.

பொன்னுத்தாய்: கண்ணு இருக்கையில கை எதுக்கு?

மலையாண்டி: அப்பிடியா? அந்தா, மாமரத்தடியில வெடக்கோழி என்ன பண்ணுதுன்னு சொல்லு.

பொன்னுத்தாய்: அதா... படுத்துருக்கு.

மலையாண்டி: அது கோழியில்ல புள்ள. நான் கவுத்து வச்ச சுண்ணாம்புச் சட்டி.

பொன்னுத்தாய்: வெயிலு... கண்ணு கூசுது...

மலையாண்டி: நேத்து மெழுகுனப்ப ஒரு முட்டையையும் சேத்து மெழுகிட்ட. காஞ்சதும் தரையில மேடு தட்டி நின்னுச்சு.

பொன்னுத்தாய்: அய்யய்ய! ஒடைஞ்சிருச்சா?

மலையாண்டி: நோண்டி எடுத்துக் கழுவிக் கூடையில வச்சேன். ராத்திரி எனக்கு அவிச்சுக் குடுத்தியே, அதான்.

பொன்னுத்தாய்: சிரிக்காதீங்க... கோழிகள வித்துருவீங்களா?

மலையாண்டி: எதுக்கு?

பொன்னுத்தாய்: கண்ணு மங்குனவளுக்குக் கோழி எதுக்கும்பீங்க. அந்தப் பயத்துலதான் சொல்லல. பிள்ளையில்லாத வீட்டுல இதுகதாங்க எனக்கு.

மலையாண்டி: விக்கிறவன் கல்லு தூக்கியாருவானா, கிறுக்கி? பாவி முடிச்சதும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவோம். கண்ணுல புரைன்னா எடுத்துரலாமாம்.

பொன்னுத்தாய்: கூட நீங்க இருப்பீங்கள்ல?

மலையாண்டி: பின்ன? கட்டு அவுக்குற வரைக்கும் அங்கதான் கெடப்பேன். ஆனா எங்கிட்டப் போயி மறைச்சியே... அதான் மனசுக்கு ஆறல.

பொன்னுத்தாய்: நீங்க மட்டும் மறைக்கலியாக்கும்?

மலையாண்டி: நான் என்னத்த மறைச்சேன்?

பொன்னுத்தாய்: அந்த ரெண்டு கோழி செத்ததுலேருந்து, நான் கூட்டிட்டு வந்ததும் நீங்க போயி மூலையெல்லாம் கூட்டுறீங்க. வெளக்கமாத்த நான் படுக்கப் போட்டுட்டு வாரேன். மறுநா கையால தேடுனா செவுத்துல சாஞ்சு நட்டமா நிக்கிது. எத்தன நாளாச் சொல்லணும்னு இருந்தேன்... வெளக்கமாத்த நிக்க வைக்கக் கூடாதுங்க, வீட்டுக்கு ஆகாது.