மணிக்கட்டில் ஒரு துடிப்பு

அம்மாவின் தேத்தண்ணியில் சீனியைக் குறைத்துவிட்டேன், கலாதேவி. நீ கவலைப்பட வேண்டாம். தம்பி தீபனைப் பற்றி டாக்டர் என்னதான் சொன்னார் என்று நீ விடாமல் கேட்பதால், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சலில் அவனுக்கு மூச்சு வாங்கியபோதே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "சளிதான்லா அண்ணே. நீங்க தும்மலுக்கும் மனு எழுதுற ஆளு" என்று சிரித்தான். மறுநாள் இதயத் தசை முழுக்க வீங்கிக் கிடந்தது. தொடையில் குழாய் விட்டு, இதயத்தின் வேலையைச் செய்யும் மெஷினில் போட்டார்கள்.

டாக்டர் நூருல் ஆங்கிலத்தில் பேசினார். ஆயர் தாவார் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்குச் சந்தை மலாய்தான் தெரியும். லயத்து வீடுகளுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். அங்கேயும் நான்தான் எடுத்துச் சொன்னேன்.

அந்த மெஷின் இரத்தத்தைக் குழாய்த் தண்ணீர்போல ஒரே சீராகத் தள்ளும். நாடி தெரிந்தால், அது அவனுடைய சொந்த இதயம். டாக்டர் இதை எனக்குத் தெளிவாக விளக்கியிருந்தார்.

அம்மா அவன் மணிக்கட்டை விடவே இல்லை. ஒரு காலையில், "லேசாத் துடிக்குதுய்யா" என்றார்.

"அது மெஷின்மா" என்றேன்.

அன்றே டாக்டர் வந்தார். இதயம் தேறுகிறது, ஆனால் குழாய் போட்ட கால் இரத்தம் போகாமல் செத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பான், விட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறும். அம்மாவின் சம்மதம் வேண்டும் என்றார்.

"நெஞ்சு செத்துப்போச்சும்மா. காலையும் வெட்டிப் பாக்கவான்னு கேக்குறாங்க."

"பொழைக்காத புள்ளய எதுக்குய்யா வெட்டணும்? வேணாம்னு சொல்லிரு."

அன்று நான் மாற்றாமல் சொன்னது அந்த 'வேண்டாம்' ஒன்றைத்தான். டாக்டர் மறுபடி கேட்டார். அம்மா மனம் மாறமாட்டார் என்றேன். உன்னிடமும் அவன் நெஞ்சு போய்விட்டது என்றே சொன்னேன். விஷம் ஏறிய பிறகு மெஷினை நிறுத்தினார்கள்.

உங்கள் கல்யாணம் முடிந்ததும் அம்மாவை ஜெலாப்பாங்கில் நீங்கள் குடியேறும் வீட்டுக்கு அழைத்துப் போவதாக நீயும் தீபனும் முடிவு செய்திருந்தீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் சேலைகளைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டார். அவற்றை அலமாரியில் திரும்ப அடுக்கியது நான்தான்.

இப்போதெல்லாம் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: "அன்னிக்குத் துடிச்சது மெஷின்தானேய்யா?"

"ஆமாம்மா" என்கிறேன். பெற்றவளுக்கு ஒரு பிள்ளை இந்த ஆறுதலாவது தர வேண்டாமா?