பதினாலாம் போத்தில்

ஜெனுஷா: அம்மா, சத்தியமாச் சொல்லுங்கோ. ஃபிரிஜ்ஜுக்குள்ள இருந்த என்ர பெட்டியில கை வைச்சனீங்களோ இல்லையோ?

மாக்கிரட்: வந்ததும் வராததுமா என்ன கேள்வி இது? முதல்ல சப்பாத்தைக் கழட்டு. இந்த மத்தியான வெயிலுக்கை யூனிவர்சிட்டியால ஏன் ஓடி வந்தனீ?

வலன்ரைன்: விசாரணையடி மாக்கிரட். விசாவுக்குப் போற குவெஸ்தூராப் பொலிசில கூட என்னை இருத்திப்போட்டுத்தான் கேள்வி கேட்டவங்கள்.

ஜெனுஷா: பகிடி விடாதேங்கோ அப்பா. வெள்ளிக்கிழமை லாபில ஃபிரிஜ் பழுதாப்போச்செண்டு ஒரு பெட்டி கொண்டு வந்தனான் எல்லோ. இருபது போத்தில். திங்கள் காலமை திருப்பிக் கொண்டு போனனான்.

வலன்ரைன்: ஓம். என்ர பியரைத் தூக்கி வெளியில வைச்சிட்டு.

ஜெனுஷா: அதில பதினாலாம் நம்பர் பிழை காட்டுது.

மாக்கிரட்: தண்ணியில என்ன பிள்ளை பிழை?

ஜெனுஷா: அது சும்மா தண்ணி இல்லையம்மா. லேனா எண்டு பெரிய ஆறு, ரஷ்யாவின்ர வடக்கில. அந்த நிலம் ஆயிரக்கணக்கான வருசமா உறைஞ்சு கிடந்தது. இப்ப இளகுது. உள்ளுக்கை கிடந்த வேர், இலை, பாசி எல்லாம் ஆத்துக்குள்ள வந்து உக்குது. பிறகு ஆறு அதை மூச்சா விடுது.

மாக்கிரட்: ஆறு… மூச்சோ?

ஜெனுஷா: காபன் வாயு. தண்ணிக்கு மேலால கிளம்பிக் காத்தோட போகும். எவ்வளவு போகுது எண்டதைத் தண்ணியை அளந்துதான் கணக்குப் பாக்கிறம். கூடப் போனால் இந்தப் பலெர்மோ இன்னும் கொதிக்கும்.

வலன்ரைன்: கேட்டியே மாக்கிரட். ஸ்ஃபெர்ராகவால்லோ ரெஸ்ரோரன்ரில நான் தட்டுக் கழுவி மூச்சு வாங்கிறதை ஆரும் ஒரு போத்தில்ல பிடிக்கேல்லை.

மாக்கிரட்: கதையை விட்டிட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது.

வலன்ரைன்: காலமை போட்டதைச் சூடாக்கித் தந்திட்டு… இண்டைக்கும் சரியில்லையடி. சில்லறைக் காசை வாயில போட்ட மாதிரிக் கிடக்கு.

மாக்கிரட்: வேலைத்தலத்தில மிஞ்சின சிப்பியை வழிச்சுத் திண்டிட்டு என்ர தேத்தண்ணியில குறை. ரெண்டு மூண்டு நாளாச் சத்தி. நான் சொன்னால் கேட்டால்தானே.

ஜெனுஷா: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. பத்தொன்பது போத்திலும் ஒரே கதை சொல்லுது. மெல்லிய தண்ணி, காபன் நிறைய. பதினாலு மட்டும் முழுக்கச் சுண்ணாம்பு. வாயு இல்லவே இல்லை எண்ட மாதிரி. எங்கட புரொஃபெசொரெஸ்ஸா கதிரையால எழும்பிட்டா.

மாக்கிரட்: கோவமோ?

ஜெனுஷா: கோவமெண்டால் பரவாயில்லை. சந்தோசம். உறைஞ்ச நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புப் பாறை திறந்திட்டுதாம். ஆறு வாயுவை வெளியில விடாமல் தனக்குள்ளயே பிடிக்குதாம். இதுவரைக்கும் ஒருத்தரும் காணாததாம். மூண்டு மணிக்கு எல்லா நாட்டு ஆக்களுக்கும் எழுதப் போறா.

மாக்கிரட்: நல்லதுதானே. உன்ர பேரும் வருமோ?

ஜெனுஷா: பொய்யெண்டு பிடிபட்டால் என்ர பேர்தான் முதல் வரும். பெட்டியை வீட்டை கொண்டு வந்தது அவவுக்குத் தெரியாது அம்மா. தெரிஞ்சால் நாளைக்கே என்னை வெளியில விடுவா. நாலு வருசப் படிப்பு.

வலன்ரைன்: அப்ப அந்தப் போத்திலை எறிஞ்சிட்டு வேற ஒண்டு அள்ளு.

ஜெனுஷா: எங்க போய் அள்ள? அது அங்க சண்டை துவங்க முன்னம் எடுத்தது. இப்ப ஒருத்தரையும் விடமாட்டாங்கள். வெள்ளம் பாயிற அந்தக் கிழமைக்கு இருந்தது அந்த ஒரு போத்தில்தான். போனால் போனதுதான்.

வலன்ரைன்: ம்…

ஜெனுஷா: என்ன "ம்"?

வலன்ரைன்: ஒண்டுமில்லை.

ஜெனுஷா: அப்பா.

வலன்ரைன்: சனிக்கிழமை… பின்னுக்குக் கிடந்த ஒரு பியரை இழுக்கேக்கை உன்ர பெட்டி சரிஞ்சுபோச்சு. ஒண்டு உருண்டு வெளியில வந்தது. உடையேல்லை. எடுத்துக் கதவுத் தட்டில நிப்பாட்டினனான், பிறகு வைப்பம் எண்டு.

ஜெனுஷா: பிறகு?

வலன்ரைன்: பிறகு பியர் குடிச்சனான்.

ஜெனுஷா: திங்கள் பெட்டியில இருபதும் சரியா இருந்தது. ஆர் திருப்பி வைச்சது?

வலன்ரைன்: என்னைப் பாக்காதை. கொம்மாவைப் பார்.

மாக்கிரட்: நான்தான் வைச்சனான். பிள்ளையின்ர சாமான் வெளியில கிடக்கெண்டு எடுத்து வைச்சது குற்றமே?

ஜெனுஷா: அந்தப் போத்தில்ல நம்பர் ஒட்டியிருந்ததோ?

மாக்கிரட்: …ஈரத்தில கழண்டு தட்டில கிடந்தது. நான் எடுத்து ஒட்டினனான்.

ஜெனுஷா: எதில?

மாக்கிரட்: போத்தில்லதான். வேற எதில ஒட்டுறது, உன்ர கொப்பரின்ர நெத்தியிலயோ?

ஜெனுஷா: கதவுத் தட்டில எத்தினை போத்தில் நிண்டது அம்மா?

மாக்கிரட்: ரெண்டு.

ஜெனுஷா: ரெண்டோ? மற்றது எது?

மாக்கிரட்: நீதானே மார்ச்சில லாபால ஒரு வெறும் போத்தில் கொண்டு வந்து தந்தனீ. அதே மண்ணிறக் கண்ணாடி, அதே மூடி. அது என்ர.

வலன்ரைன்: இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின்ர தண்ணி. கோயில் பெண்டுகளோட வெறுங்காலோட பெல்லெக்ரீனோ மலை ஏறி, குகைப் பாறையால சொட்டுறதை ஏந்திக்கொண்டு வந்தது. என்ர நாரிப் பிடிப்புக்குக் குடிக்கட்டாம். எனக்கு உந்த விளையாட்டு வேண்டாம் எண்டிட்டன்.

மாக்கிரட்: விசுவாசம் இல்லாத மனிசன்.

வலன்ரைன்: விசுவாசம் இருக்கு. பாறைத் தண்ணியில இல்லை.

ஜெனுஷா: பாறை… பெல்லெக்ரீனோ மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு… ஐயோ அம்மா.

மாக்கிரட்: என்னடி, ஏன் நிலத்தில இருக்கிறாய்?

ஜெனுஷா: நாங்கள் லாபில ரெண்டு நாளா அளந்தது உங்கட சாந்தா ரொசாலியாவை.

வலன்ரைன்: அப்ப உலகத்துக்கு எழுதப் போறது அவவைப் பற்றியோ?

ஜெனுஷா: சிரிக்காதேங்கோ அப்பா, எனக்கும் சிரிப்பு வருது. அம்மா நம்பரை மாறி ஒட்டியிருக்கிறா. குகைத் தண்ணி லாபுக்குப் போய்ட்டுது… அப்ப… அப்ப என்ர ஆறு இஞ்சை இருக்கு.

மாக்கிரட்: இஞ்சையோ?

ஜெனுஷா: பதினாலு இந்த வீட்டுக்கைதான் இருக்கம்மா. போகேல்லை. நான் புரொஃபெசொரெஸ்ஸாவிட்ட உண்மையைச் சொல்லுறன், ஏசினால் ஏசட்டும். போத்தில் கையில இருந்தால் கெஞ்சலாம். எங்க அது? எடுத்துக்கொண்டு வாங்கோ.

மாக்கிரட்: மாதாப் படத்துக்குப் பின்னால… இந்தா.

ஜெனுஷா: இதென்ன, அரைவாசிதான் கிடக்கு.

மாக்கிரட்: …தெளிச்சனான்.

ஜெனுஷா: எங்க?

மாக்கிரட்: வீட்டுக்கு. நாலு மூலைக்கும். ஞாயிற்றுக்கிழமை.

ஜெனுஷா: கையில பட்டதோ?

மாக்கிரட்: தெளிக்கிறதெண்டால் கையில படாமலோ?

ஜெனுஷா: பிறகு கையைக் கழுவினனீங்களோ? சோப்பு போட்டோ? அந்தக் கையால மா குழைச்சனீங்களோ?

மாக்கிரட்: தீர்த்தம் பட்ட கையை ஆர் பிள்ளை கழுவுறது? ஏன் உன்ர முகம் இப்பிடிப் போகுது?

வலன்ரைன்: மாக்கிரட், அந்த வாளியை இஞ்சால தள்ளு. எனக்குத் திரும்பவும் பிரட்டுது.

ஜெனுஷா: அப்பா, அந்தக் கோப்பையைக் கீழ வையுங்கோ.

வலன்ரைன்: வைக்கிறன், வைக்கிறன். உன்ர குரல் ஏன் இப்பிடி…

ஜெனுஷா: வாயில சில்லறைக் காசு மாதிரி எண்டு சொன்னனீங்கள். எப்ப தொடக்கம்?

வலன்ரைன்: ஞாயிறு. சொன்னனே, சிப்பி.

ஜெனுஷா: உங்களோட வேலை செய்யிற ஆக்களும் சிப்பி திண்டவையே? அவைக்கும் இப்பிடியே?

வலன்ரைன்: …இல்லை. அவங்கள் நல்லாத்தான் நிக்கிறாங்கள்.

ஜெனுஷா: வேற என்ன செய்யுது? எனக்கு ஒளிக்காதேங்கோ.

வலன்ரைன்: ஒண்டுமில்லை எண்டுறன்… பல்லு முரசு கொஞ்சம் வீங்கிக் கிடக்கு. மூத்திரம் முந்தாநாள் தொடக்கம் சரியாப் போகேல்லை. போனாலும் நிறம் ஒரு மாதிரி.

மாக்கிரட்: என்னட்டைச் சொல்லேல்லையே நீங்கள்.

வலன்ரைன்: சொன்னால் வேலைக்கு விடமாட்டாய். வேலைப் பேப்பர் இல்லாட்டி இஞ்சை இருக்க விடுற பெர்மெஸ்ஸோ எங்க இருந்து வரும்?

ஜெனுஷா: அப்பா, சாரத்தை மாத்துங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போறம்.

வலன்ரைன்: உன்ர மூண்டு மணி?

ஜெனுஷா: மூண்டு மணி கிடக்கட்டும். அம்மா, நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லாமல் விட்டனான். அந்தத் தண்ணி வருசக்கணக்காக் கெடாமல் இருக்கிறதுக்கு, உள்ளுக்கை கிருமி வளராமல் இருக்கிறதுக்கு, ஒவ்வொரு போத்தில்லயும் பாதரச உப்பு விட்டிருக்கு. நஞ்சு. சொன்னால் சாப்பாட்டோட வைக்க விடமாட்டீங்கள் எண்டுதான்… ரெண்டு நாள்தானே எண்டு…

மாக்கிரட்: நஞ்சோ?

ஜெனுஷா: நீங்கள் தெளிக்கேல்லை அம்மா. எனக்குத் தெரியும். அழாமல் என்னைப் பாத்துச் சொல்லுங்கோ, ஆஸ்பத்திரியில முதல்ல அதைத்தான் கேப்பினம். இந்த அரைவாசி எங்க போனது?

மாக்கிரட்: அவர் வேண்டாம் எண்டு சொன்னதாலதான் பிள்ளை… அவருக்குத் தெரியாமல்… தேத்தண்ணிக்குள்ள. ஒவ்வொரு நாளும் காலமை ஒரு மூடி. இண்டைக்கு ரெண்டு மூடி விட்டனான்… அவருக்கு ஏலாமல் கிடக்கெண்டு.