கையும் சேர்ந்தால்

– முசே லெயோன், நடக்கற மெஷின நிறுத்திட்டேன். மெதுவா எறங்குங்க.

– ஏம்மா ஹேமலதா, நல்லாத்தானே நடந்துட்டிருந்தேன்?

– முன்னால இருக்கற கம்பியத் தள்ள ஆரம்பிச்சதுமே நாடி எகிறிடுச்சு. உதடு வேற வெளுத்துப் போச்சு. உக்காருங்க.

– வெறுங்கையோட நடந்தப்ப பிரமாதம்னியே! வேகம் அதேதானே, நீ ஏத்தலியே?

– ஏத்தலதான். ஆனா காலோட கையும் வேல செஞ்சா உடம்புக்கு இன்னும் காத்து வேணும், இதயம் இன்னும் அடிச்சுக்கணும். ஆபரேஷன் பண்ண இதயம், தாங்கல.

– அதெல்லாம் தாங்கும். பிரெஞ்சு பட்டாளத்துல மூட்டையத் தூக்கிக்கிட்டு பாலைவனம் நடந்த சொல்தா நான். இன்னொரு தரம் போடு.

– மாட்டேன் முசே. செசில் அம்மாவ சக்கர நாற்காலியில வெச்சு நீங்க தள்ளக் கூடாது. உங்க புள்ள மாக்சிம் போன் பண்ணா அதத்தான் சொல்வேன்.

– பொறும்மா, பொறு. அப்படிச் சொன்னா அவன் இவள பிரான்சுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். எனக்குப் பிளேனே ஏறக் கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் இவள நான் எங்க போய்ப் பாக்கறது?

– தள்றதுக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாமே?

– வெச்ச ஆள் இவள ரோட்டுல கீழ போட்டப்புறந்தான் அவன் இந்தப் பேச்சையே எடுத்தான். நீங்களே பாத்துக்க முடிஞ்சா அம்மா அங்கயே இருக்கட்டும்னான்.

– அதுக்காக என்னப் பொய் சொல்லச் சொல்றீங்களா?

– பொய் இல்லம்மா! நேத்துகூட மாதா கோயிலுக்குத் தள்ளிக்கிட்டுப் போயி, பூசை பாத்துட்டு, பீச் ரோட்டச் சுத்தித்தான் வந்தோம். கொஞ்சங்கூட மூச்சு வாங்கல. உன் மெஷின்தான் கெட்டுக் கெடக்குது. செசில், நீயே சொல்லேன். உக்காந்து சும்மா பாத்துக்கிட்டிருக்கியே.

– மெஷின் சரியாத்தாங்க இருக்குது.

– இன்னா சொல்ற?

– நீங்க தள்ள ஆரம்பிச்ச அன்னிக்கே உங்களுக்கு மூச்சு வாங்குறது என் காதுல விழுந்துச்சு. பயந்துட்டேன். அப்பலருந்து சக்கரத்த நானுந்தான் சுத்திக்கிட்டு வர்றேன். சும்மா கைய வெச்சிருக்கேன்னு நெனச்சீங்க. உள்ளங்கையப் பாருங்க.

– அடிப்பாவி... காப்புக் காச்சிப் போயிருக்குதே!

– அதான் முசே, உங்களுக்கு மூச்சு வாங்கல. பாதி பாரத்த அம்மா சுமந்திருக்காங்க.

– அப்ப நல்லதாப் போச்சு! ரெண்டு பேருமா ஓட்டறோம்னு மாக்சிம்கிட்ட சொல்லிடும்மா. இன்னா செசில், சொல்லலாமில்ல?

– நேத்து வந்ததுலருந்து வலது கையத் தூக்க முடியலங்க. காலையில ரொட்டியக்கூட இடது கையாலதான் பிட்டேன், நீங்க கவனிக்கல. நீங்க குளிக்கப் போனப்ப மாக்சிமுக்கு நானே போன் போட்டு, வர்றேன்னு சொல்லிட்டேன்.