ட்ரம்பெட்டுகளின் முன்னால் அமர்ந்திருந்த முதுகுக்கு

பணி நிறைவு பெற்று விடைபெறும் பஸூன் அக்கா அவர்களின் திருமுன், ஆர்க்கெஸ்ட்ராவின் ட்ரம்பெட் வரிசையினர் நின்றபடியே வாசித்தளிக்கும் பாராட்டு மடல். (உட்கார்ந்து வாசித்தால் எங்கள் கால்கள் தாமாக ஆடத் தொடங்கிவிடும்.)

முழக்கத்தின் முன்னே முகம் சுளியாது அமர்ந்த முதுபெரும் கலைஞரே! பஞ்சடைத்த செவியோடும் பண் பிசகாது இசைத்த பண்பின் சிகரமே! எங்கள் மூச்சின் வெம்மையை முப்பது ஆண்டுகள் பின்கழுத்தில் தாங்கிய பொறுமையின் புகலிடமே!

முகம் சுளியாது என்று எழுதிவிட்டோம். உண்மையில் அது எங்களுக்குத் தெரியாது. ஆளுயர மரக்குழலாம் பஸூனைச் சாய்த்துப் பிடித்துத் தாங்கள் முன்னே அமர, ஒரு படி உயரத்தில் நேர் பின்னே நாங்கள் அமர்ந்தோம். மேடையில் நாங்கள் கண்டதெல்லாம் தங்கள் முதுகு ஒன்றே.

அவையோரே, ட்ரம்பெட்காரர்கள் பொறுமைக்குப் பேர்போனவர்கள் அல்லர். வயலின்காரர்கள் மாலை முழுவதும் வாசிக்கிறார்கள். நாங்களோ பக்கம் பக்கமாகச் சும்மா இருந்து, தாளத்தை மனத்துள் எண்ணிக்கொண்டே காத்திருந்து, ஒரே ஒரு இடத்தில் வாய் திறக்க வேண்டியவர்கள். எண்ணும்போதே வால்வைத் துடைப்போம், உதட்டை நனைப்போம், பக்கத்துக்காரரின் காலுறையை ஆராய்வோம். எண்ணிக்கை காணாமல் போகும். அப்போது எங்களைக் காத்தது தங்கள் தோள். பஸூன் நுழைந்து சற்று நேரத்தில் ட்ரம்பெட் நுழையும். ஆகவே அக்காவின் தோள் உயர்ந்தால் கருவியை உயர்த்து என்பது எங்கள் வரிசையின் எழுதாச் சட்டம். தங்களிடம் மட்டும் அதை யாரும் சொல்லவில்லை.

இந்த வரிசைக்குத்தான் ‘இடி’ வந்து சேர்ந்தார். ஊர்வலப் பேண்டில் பேருந்துச் சத்தத்தையும் கூட்டத்தின் கூச்சலையும் தன்னந்தனியே வென்றவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பனார். அந்த வேலையை உதறிவிட்டு, ஓராண்டுச் சோதனைப் பணியில் இங்கே வந்தார். வேலை நிரந்தரமாகும் முன்பே, நிரந்தரமாகிவிட்டது என்று அவர் மனைவி சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்திருந்தார். தனியே பயிற்சி செய்யும்போது இடிக்கு நிகர் இல்லை. குளியலறையில் அவரே அரசர். சுற்றிலும் எழுபது பேர் வாசிக்கையில் அவர்களும் இருக்கிறார்கள் என்ற செய்தியே அவரை எட்டவில்லை. “இந்த சீசன் முடியட்டும், பார்க்கலாம்” என்றார் இசை நடத்துநர். அந்தப் ‘பார்க்கலாம்’ என்பதன் பொருள் இடிக்குப் புரிந்தது; தூக்கம் போயிற்று.

சீசனின் கடைசிக் கச்சேரிகள் இரண்டு, அடுத்தடுத்த மாலைகளில், ஒரே நிகழ்ச்சி. மெதுவான பகுதியில் ட்ரம்பெட்டுக்கு ஒற்றை மெல்லிய ஸ்வரம். பிள்ளை தூங்கும் அறைக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைவதுபோல் நுழைய வேண்டும். முதல் மாலை, தந்திகள் கிசுகிசுத்துக்கொண்டிருந்த வேளையில், தங்கள் தோள் உயர்ந்தது. இடி நுழைந்தார். அவரை நம்பி எங்கள் வரிசையின் மற்ற இருவரும் நுழைந்தோம். முன்வரிசையில் உறங்கிய பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

இடைவேளையில் தாங்கள் எங்கள் முன் வந்து நின்றீர்கள்.

“யாருய்யா அது?”

“நான்தாங்க்கா. நீங்க தோளத் தூக்குனீங்க...”

“குழல்ல தேங்குன தண்ணியக் கொட்டுனேன்யா!”

“உங்க தோளப் பாத்துதான்க்கா நாங்க எல்லாரும் வாசிக்கிறோம்.”

“என் முதுகு என்ன சிக்னல் விளக்கா? காது எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா?”

மறுநாள் மாலை நாங்கள் மேடையேறினால், தங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒலி தடுக்கும் பலகை ஒன்று நெட்டையாக நின்றது. தோளும் இல்லை, முதுகும் இல்லை, வெறும் பலகை. இடி நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஒருமுறை குனிந்து பார்த்தார், ஒருமுறை எட்டிப் பார்த்தார். நடத்துநரின் பார்வை பட்டதும் நேராக உட்கார்ந்தார். வேறு வழியின்றி, வாழ்நாளில் முதன்முறையாக, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டார்.

கேட்டால், எல்லாம் அங்கேயே இருந்தது! கிளாரினெட் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து இறங்கியது. பலகைக்கு அப்பால் யாரோ மூச்சிழுத்தார்கள். பஸூன் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தியது. தான் வாசிக்கவேண்டியதும் அதே ஸ்வரம்தான் என்பது அப்போதுதான் இடிக்கு உறைத்தது. அதை வெல்ல வேண்டியதில்லை, அதற்குள் புகுந்தால் போதும். புகுந்தார். எங்கே பஸூன் முடிந்து எங்கே ட்ரம்பெட் தொடங்கியது என்று பக்கத்தில் இருந்த எங்களுக்கே தெரியவில்லை. வாசித்தாரா இல்லையா என்று நடத்துநர் நிமிர்ந்து பார்த்தார்.

மேடையில் சக கலைஞரைக் கைதட்டிப் பாராட்ட இயலாது. கையில் கருவி இருக்கும். காலணியால் தரையைத் தேய்ப்பது இசைக்காரர் வழக்கம். அன்று பலகைக்கு அப்பாலிருந்து ஒரு காலணி தேய்ந்த ஒலி கேட்டது.

அவருக்கு நாற்காலி நிரந்தரமாயிற்று. வீட்டில் அவர் பயிற்சி செய்கையில் மனைவி கதவைத் திறந்து, “என்னங்க, உடம்பு சரியில்லையா? சத்தத்தையே காணோம்!” என்றாராம். நாங்களும் அன்று தொட்டுக் கேட்கப் பழகினோம்; முன்னைவிடக் குறைவாகக் கெடுக்கிறோம் என்று நடத்துநரே புகழ்ந்துள்ளார்.

ஆயினும் அக்கா, இத்தனை ஆண்டுகளாக இடியின் நெஞ்சை ஒரு கேள்வி அரிக்கிறது. அந்தக் காலணி ஒலி பாராட்டா, கால் மரத்துப்போனதா? நேரில் கேட்க அவருக்குத் துணிவில்லை. நாளை முதல் அந்த நாற்காலியில் வேறொருவர். பிறகு யாரிடம் கேட்பது?

ஆகவே, இம்மடல் முடிந்ததும் அதே ஸ்வரத்தை இடி இங்கே வாசிப்பார். இப்போதே உதட்டை நனைத்துக்கொண்டிருக்கிறார்; சட்டைப் பொத்தானை மூன்றாம் முறையாகச் சரிபார்க்கிறார். பலகையை அகற்றிவிட்டோம். தங்கள் நாற்காலியை எங்களை நோக்கித் திருப்பிப் போட்டிருக்கிறோம். அருள்கூர்ந்து வந்து அமருங்கள். பஞ்சு வேண்டாம்.

தங்கள் செவிகள் இனி அமைதியே கேட்டு, தங்கள் தோள்கள் எவரையும் ஏவாமல் விருப்பம்போல் ஏறி இறங்கி, நோயற்று நூறாண்டு தாங்கள் வாழ வேண்டுமென நெஞ்சார வாழ்த்துகிறோம். இன்று நாங்கள் காண விழைவது தங்கள் முகம். இடி கேட்க விழைவது தங்கள் காலணி.

இவண்,
அவசரம் மாறாத அன்புடன்,
ட்ரம்பெட் வரிசையினர்