டப்பாவுக்குள் அடித்த போன்

வண்டூரிலிருந்து போர்ட் பிளேர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்த பிளாஸ்டிக் டப்பா.

“சுனாமிக்கு அப்புறம் வீட்டுப் பேப்பரெல்லாம் இதுலதானே வச்சிருந்தோம். இப்ப லேசா இருக்கே?” என்றாள் அவள்.

“எல்லாத்தையும் போட்டோ எடுத்து போன்ல நோட்ஸ் ஆப்ல ஏத்திட்டேன். வீட்டுல ஒரு காகிதக் குப்பை கிடையாது.”

“போன் எங்க?”

“அதுக்குள்ளதான். நனைஞ்சா எல்லாம் போச்சே.”

டப்பா அடிக்கத் தொடங்கியது.

“மெயின்லேண்ட்லேருந்து மகதான். எடுங்க.”

“மெழுகு உடைஞ்சிரும்.”

“எடுக்கலன்னா புள்ள பயந்துருவா.”

“அரே, மணி அடிக்குதுல்ல? கடல் தண்ணி வரலன்னு அவளுக்குத் தெரியும்.”

அவள் டப்பாவை அப்படியே காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கோம்மா” என்றாள்.