தெள்ளு வழக்கு

— தெள்ளோ? நாயின்ர மயிருக்குள்ள துள்ளுற பூச்சியோ? நாலு வருசமா யூனிவர்சிற்றியில தெள்ளைப் பற்றியோ படிக்கிறாய், கஜா?

— தெள்ளைப் பற்றி இல்லை அம்மா. நானூறு வருசத்துக்கு முந்தி ஜெர்மனியில படிச்ச பெடியளைப் பற்றி. புரொபெசர்மார் லத்தீனில பெரிய பெரிய ஆய்வெல்லாம் எழுதுவினம். பெடியள் அதே எடுப்போட, தெள்ளு மாதிரி அற்ப விசயங்களைப் பற்றிப் பகிடிக்கு எழுதிச் சபையில வாசிப்பினம்.

— அதையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டந்து அப்பாவின்ர காதுக்குள்ள வாசிக்கப் போறாய்? வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் விபூதி கொண்டந்திருக்கிறன். பூசிவிட்டு ஒரு தேவாரம் படியன்.

— தேவாரம் நீங்கள் ஒரு மாசமாப் படிக்கிறியள். அப்பா கண்ணை மூடிக்கொண்டுதானே கிடக்கிறார்.

— ஸ்ட்ரோக் வந்த மனுசன் வேற என்ன செய்யிறது? பேச்சு இனி வராமலும் போகலாம் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே.

— "போகலாம்" எண்டுதானே சொன்னவர்.

— பேசாட்டிலும் பரவாயில்லை. நான் சொல்லுறது விளங்குது எண்டு தெரிஞ்சாலே எனக்குக் காணும். வீட்டில சமைக்கேக்கையும் அவரோட கதைக்கிறன். இஞ்ச வந்தும் கதைக்கிறன். ரெண்டு இடத்திலயும் மறுமொழி இல்லை, பிள்ளை.

— அழாதேங்கோ அம்மா. கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வாங்கோ. அப்பாவின்ர கையைப் பிடியுங்கோ. நான் தமிழிலயே சொல்லுறன்.

— சரி, வாசி. நேர்ஸ் வந்தா நான் ஒண்டும் அறியன்.

— "மாட்சிமை தங்கிய சபையோரே! ஒரு சீமாட்டியின் சட்டைக்குள் தெள்ளு ஒன்று வசிக்கிறது. அதை வெளியேற்றச் சட்டத்தில் இடமுண்டா?"

— சிவசிவா! சட்டைக்குள்ளயோ?

— "தெள்ளு அங்கேயே பிறந்தது, ஆகவே அன்னியன் அல்ல. வெளியே அனுப்பினால் அதன் உயிருக்கு ஆபத்து. விசாரணை இல்லாமல் நகத்தால் நசுக்குவதோ பெருங்குற்றம்."

— பொறு, பொறு. என்ன தீர்ப்பு?

— தெள்ளுக்கு நிரந்தர வதிவிட உரிமை.

— விசாவோ? எடியே, உன்ர அப்பா அதே ஜெர்மனியில, வூப்பர்ட்டாலில, விசாவுக்கு எத்தினை வருசம் காத்துக் கிடந்தவர்! ரெஸ்டோறன்ரில கோப்பை கழுவிப்போட்டு ஈரக் கையோட விசாக் கந்தோருக்கு ஓடுவார். போகேக்கை எல்லாம் "பிறகு வா" எண்டு அனுப்புவாங்கள். அலுத்துப்போய்த்தானே கடைசியில லண்டனுக்கு வந்தது. அந்த மனுசனுக்குக் குடுக்காததைத் தெள்ளுக்குக் குடுத்திட்டாங்களோ?

— அம்மா, மெல்ல. பக்கத்துக் கட்டில்காரர் பாக்கினம்.

— பாக்கட்டும். தெரிஞ்சிருந்தா நாங்களும் ஒரு சீமாட்டியின்ர சட்டைக்குள்ள போய் இருந்திருக்கலாம்!

— ஐயோ அம்மா, எனக்குச் சிரிச்சு வயிறு நோகுது.

— எனக்கும்தான். நான் சிரிச்சு எவ்வளவு நாள்... பொறு. கஜா, அப்பாவின்ர நெஞ்சைப் பார். குலுங்குது.

— அப்பா? சிரிக்கிறியளோ அப்பா?

— என்ர கையை இறுக்கிறார், பிள்ளை! வாய் அசையுது. இஞ்சருங்கோ, என்னப்பா? சொல்லுங்கோ, நான் கேக்கிறன்.

— அந்த... சீமாட்டி... அப்பீல்... போடேல்லையோ?